எல்லை மலைகளில் டென்ட்: புதுவகைக் கூடாரங்களில் எது நிற்கும், எது படுக்கும்

தமிழக–கேரள எல்லையில் போடிமெட்டு தாண்டி சூரியநெல்லிப் பக்கம் போனாலும் சரி, கம்பம்மெட்டு ஏறி ராமக்கல்மேடு போனாலும் சரி, மறையூர் வழியாகக் காந்தளூர் போனாலும் சரி, மூணாறு பக்கத்து டாப் ஸ்டேஷன் வழியாக வட்டவடை போனாலும் சரி, சாலையோரம் 'டென்ட் ஸ்டே' பலகை தொங்குகிறது. கைபேசியில் வரும் காணொளிகளில் கூடாரம் தானாக விரிகிறது, பம்பால் காற்றடித்தால் எழுந்து நிற்கிறது, மரத்துக்கு மரம் தொங்குகிறது, ஜீப் கூரையில் மாடி வீடாக முளைக்கிறது. இவற்றில் எதை நம்பிக் காசு கொடுப்பது என்று தேனி, கம்பம், போடி இளைஞர்கள் குழம்புவதில் நியாயம் இருக்கிறது. காரணம், அந்தக் காணொளிகளில் பெரும்பாலானவை காய்ந்த புல்தரையில், வெயிலில், காற்றில்லாத நேரத்தில் எடுத்தவை. நம் எல்லை மலைகளில் அப்படிப்பட்ட நாட்கள் குறைவு.

கூடாரத்தின் வேலை என்ன?

அடிப்படையாக நான்கு வேலைகள்:

1. மேலிருந்து வரும் மழையைத் தடுப்பது.
2. காற்றில் சரியாமல் நிற்பது.
3. உள்ளே படுத்திருப்பவர் விடும் மூச்சின் ஈரத்தை வெளியே அனுப்புவது.
4. தரையின் ஈரமும் குளிரும் உடம்பில் ஏறாமல் பார்ப்பது.

முதல் வேலைக்கும் மூன்றாவதுக்கும் எப்போதும் சண்டை. மழை புகாத துணியில் மூச்சின் ஈரமும் வெளியேறாது. இரண்டாவது வேலைக்குக் கனமான கம்பி வேண்டும். ஆனால் தோளில் சுமப்பவருக்கு எடை குறைய வேண்டும். கூடார வடிவமைப்பின் வரலாறே இந்தச் சண்டைகளில் சமரசம் தேடிய கதைதான். புதுவகைகள் பெரும்பாலும் சிக்கலைத் தீர்ப்பதில்லை, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றிவைக்கின்றன. அந்த இன்னோரிடம் நமக்குத் தாங்குமா என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

லேபிளில் இருக்கும் எண்கள்

*மில்லிமீட்டர்.* 2000 மி.மீ., 3000 மி.மீ. என்று போட்டிருப்பது மழையளவு அல்ல. துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால், எவ்வளவு உயரம் வரை கசியாமல் தாங்குகிறது என்பதுதான் அந்த எண். மேற்போர்வைக்கு, அதாவது வெளிப்பக்க மழைத்துணிக்கு, 1500 முதல் 2000 வரை இருந்தாலே நல்ல மழைக்குப் போதும், ஏனெனில் விழும் துளியின் அழுத்தம் சிறியது. தரைத்துணியின் கதை வேறு. 60 கிலோ ஆள் முழங்காலிட்டு உட்காரும்போது இரண்டு முழங்காலும் சேர்ந்து 120 சதுர செ.மீ. இடத்தில் ஊன்றுகிறது என்று வையுங்கள். ஒரு சதுர செ.மீ.க்கு அரைக் கிலோ. அது 5000 மி.மீ. தண்ணீர் உயரத்துக்குச் சமம். மேலே ஒரு சொட்டு ஒழுகாத டென்டில் முழங்காலும் முழங்கையும் மட்டும் நனைவது இதனால்தான்.

*டெனியர்.* 9000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். 20 டெனியர் துணி மெல்லியது, சுமக்கச் சுகமானது, முள்ளுக்கு அஞ்சுவது. 70 டெனியர் முரடு. நைலானா பாலியெஸ்டரா என்பது அதைவிட முக்கியம். நைலான் வலுவானது, ஆனால் தண்ணீரை உறிஞ்சி நீளும். மாலையில் இழுத்துக் கட்டிய மேற்போர்வை நள்ளிரவில் தொய்ந்து உள்துணியில் ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் அவ்வளவு தொய்வதில்லை, வெயிலையும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். மூடுபனி நாளுக்கு இரண்டு தடவை வந்துபோகும் மலைக்குப் பாலியெஸ்டரே மேல்.

*ஆள் கணக்கு.* 'இருவர்' என்றால் தோளோடு தோள் உரசிப் படுக்கும் இருவர். பைக்கு இடமில்லை. ஒன்றைக் கூட்டி வாங்குங்கள்.

*கம்பி.* மலிவான டென்ட்களில் கண்ணாடியிழைக் கம்பி வரும். அது வளைந்து எச்சரிப்பதில்லை, நீளவாக்கில் பிளக்கும். பிளந்த இடத்தைத் தடவினால் கண்ணுக்குத் தெரியாத சிலாம்பு விரலில் ஏறும், பக்கத்துத் துணியையும் கிழிக்கும். அலுமினியக் கம்பி வளையும், கையாலேயே ஓரளவு நிமிர்த்தலாம். எந்தக் கம்பியாக இருந்தாலும், அதைவிடச் சற்றுப் பருத்த ஒரு சாண் குழாய்த்துண்டு பையில் இருக்க வேண்டும். ஒடிந்த இடத்தில் நுழைத்து டேப் சுற்றினால் விடியும் வரை நிற்கும்.

காற்றுக் கணக்கு

கம்பம் பள்ளத்தாக்கில் தென்மேற்குப் பருவக்காற்று எப்படி அடிக்கும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேனி மாவட்டத்தில் வரிசையாக நிற்கும் காற்றாலைகளும், எல்லைக்கு அந்தப் பக்கம் ராமக்கல்மேட்டில் நிற்பவையும் சும்மா வைத்ததல்ல. சுற்றுலாக்காரர்கள் டென்ட் அடிக்க ஆசைப்படும் 'வியூ பாயின்ட்' முகடுகள்தான் காற்றும் விரும்பும் இடங்கள்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 40 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 8 கிலோ எடை அளவுக்குத் தள்ளுகிறது. 60 கி.மீ.யில் 17 கிலோ, 80 கி.மீ.யில் 31 கிலோ. இரண்டரை சதுர மீட்டர் பக்கத்துணி கொண்ட ஒரு டென்டை 60 கி.மீ. காற்று நாற்பது கிலோவுக்கு மேல் தள்ளும். விரல் நீள முளை நான்கு இதைத் தாங்க வேண்டும்.

இந்தச் சிக்கலுக்குக் கிடைத்த உருப்படியான விடை, கம்பிகள் பல இடங்களில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டி முக்கோணங்களை உண்டாக்கும் குவிமாட வடிவம். வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் 1954இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முக்கோணக் குவிமாடத்தின் கருத்தை, 1975இல் 'தி நார்த் ஃபேஸ்' நிறுவனம் 'ஓவல் இன்டென்ஷன்' என்ற கூடாரமாக்கியது. முக்கோணம் கோணாது என்ற எளிய வடிவியல்தான் இதன் பலம். காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் பாரம் எல்லாக் கம்பிக்கும் பிரிகிறது. மாறிய சிக்கல் எடையும் விலையும்.

இரண்டே கம்பி குறுக்காகப் போகும் சாதாரண டோமைக்கூடக் காற்றில் நிறுத்தலாம். கூடவே வரும் கயிறுகளை உண்மையாகவே கட்ட வேண்டும், அவ்வளவுதான். பலர் அந்தக் கயிறுகளைப் பையிலிருந்து எடுப்பதே இல்லை. முகட்டுப் புல்வெளிகளில் மண் மெல்லிசு, ஒரு சாணுக்குக் கீழே பாறை இடிக்கும். முளை இறங்காத இடத்தில் கயிற்றைத் தலையளவு கல்லில் சுற்றி, அதன்மேல் இன்னொரு கல்லை ஏற்றுங்கள்.

உள்ளே பெய்யும் மழை

'டென்ட் ஒழுகுது' என்ற புகார்களில் பெரும்பகுதி ஒழுகல் அல்ல. தூங்கும் ஒருவர் மூச்சிலும் தோலிலும் இரவு முழுக்கச் சுமார் கால் லிட்டர் ஈரத்தை விடுகிறார். இருவர் என்றால் அரை லிட்டர். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் வேர்ப்பதுபோல, குளிர்ந்த துணியின் உட்பக்கம் அது துளியாகப் படிகிறது.

இரட்டைத் துணி டென்ட்கள் இதைத் தடுப்பதில்லை, திசைதிருப்புகின்றன. உள்ளே வலைத்துணி, வெளியே மழைத்துணி, நடுவில் ஒரு கை இடைவெளி. ஈரம் வலையைத் தாண்டி வெளித்துணியில் படிந்து வழிந்து மண்ணுக்குப் போகும். ஒற்றைத் துணி டென்டில் அதே ஈரம் உங்கள் போர்வைக்கு வரும்.

இங்கேதான் எடைகுறைப்புப் புதுமைகள் இடறுகின்றன. பாய்மரப் படகுப் போட்டிக்கான பாய்த்துணியிலிருந்து பிறந்த டைனீமா இழைக் கலப்புத் துணியில் செய்த இருவர் டென்ட், அறுநூறு கிராமுக்கும் குறைவான எடையில் கிடைக்கிறது. தனிக் கம்பி கிடையாது, கைத்தடிகளையே தூணாக நிறுத்த வேண்டும். தண்ணீர் உறிஞ்சாது, தொய்யாது. வியக்கத்தக்க பொருள்தான். ஆனால் பெரும்பாலும் ஒற்றைத் துணி. காற்றோட்டத்தை நம்பியே அதன் வடிவமைப்பு. வெளியே மேகமே தரையில் படுத்திருக்கும்போது, திறந்த வாசல் வழியாக ஈரம் போவதற்குப் பதில் வரும். வறண்ட நாட்டில் மாதக்கணக்கில் நடப்பவருக்கு அது வரம். டாப் ஸ்டேஷன் மூடுபனியில் இரண்டு இரவு தங்குபவருக்கு அந்த விலை வீண் என்பேன்.

புதுவகைகள், ஒவ்வொன்றாக

1. வீசினால் விரியும் டென்ட். டெக்கத்லான் 2005இல் கொண்டுவந்த 'டூ செகண்ட்ஸ்' வகை. விரிப்பது நிமிட வேலைகூட இல்லை. சிக்கல் மடிப்பதற்கு மாறியிருக்கிறது. மடித்தாலும் அது பெரிய வட்டத் தட்டாகத்தான் இருக்கும், முதுகுப் பையில் போகாது, புதரில் மாட்டும். சுருள் கம்பி ஒடிந்தால் வழியில் பழுது பார்ப்பது கடினம். ஜீப் போகும் இடத்தில், காற்று மறைவில், குடும்பத்தோடு தங்க நல்ல தேர்வு. நடந்து ஏறுபவருக்கு அல்ல.

2. காற்றடித்து நிற்கும் டென்ட். ஜெர்மனியின் ஹைம்பிளானட் நிறுவனம் முக்கோணக் குவிமாடத்தையே காற்றுக் குழாய்களில் செய்தது. பிரிட்டனின் வேங்கோ போன்றவை பெரிய குடும்ப டென்ட்களில் காற்று உத்தரங்களை வைக்கின்றன. பலத்த காற்றில் கம்பி ஒடியும், காற்றுக் குழாயோ மடங்கி மறுபடி நிமிரும். இது உண்மையான பலம். ஆனால் மலை இரவு அதன் கணக்கைக் கலைக்கும். பிற்பகல் 28 டிகிரியில் 7 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்தால், இரவு 8 டிகிரிக்கு இறங்கும்போது ஆறுக்கும் கீழே வந்துவிடும். ஓட்டை ஒன்றும் இல்லாமலே கூரை தளரும். படுப்பதற்கு முன் ஒருமுறை பம்ப் எடுக்க வேண்டும். விடியற்காலைக் குளிரில் இறுக்கமாக அடித்துவிட்டு நடுப்பகல் வெயிலில் விட்டால் எதிர்ச் சிக்கல். எடையும் பம்பும் சேர்ந்து இதையும் வண்டிச் சாமானாக்குகின்றன.

3. மரத்தில் தொங்கும் டென்ட். மூன்று மரங்களுக்கு நடுவே முக்கோணமாக இழுத்துக் கட்டும் 'டென்ட்ஸைல்' வகையும், இரண்டு மரத்துக்கு நடுவே கட்டும் தூளி டென்டும் இதில் அடக்கம். சரிவு, கல், ஈரம், அட்டை எல்லாம் கீழேயே நின்றுவிடும். மழைக்காலத்தில் அட்டைக்கடி வாங்கியவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும். சிக்கல் இப்போது மரத்துக்கு மாறியிருக்கிறது. 70 கிலோ ஆளின் தூளிக் கயிறு 30 டிகிரி சரிவில் இருந்தால் ஒவ்வொரு பக்கமும் 70 கிலோ இழுவை. அதையே விறைப்பாக 10 டிகிரிக்கு இழுத்துக் கட்டினால் 200 கிலோ. மூவர் படுக்கும் மரக் கூடாரத்தில் இழுவை இன்னும் கூடும். எல்லைப் பக்கம் கைக்கு எட்டும் மரங்கள் எவை? தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக், பல இடங்களில் அதன்மேல் மிளகுக்கொடி. பட்டையை இறுக்கும் வார் கொடியையும் சேர்த்தே நசுக்கும், தோட்டக்காரர் சும்மா விடமாட்டார். வட்டவடைப் பக்கத்து யூகலிப்டஸ் காற்றில் கிளை உதிர்க்கும். மேலும், அடியில் காற்றுப் போவதால் முதுகு சில்லிடும், கீழே கனத்த விரிப்பு போட்டே ஆக வேண்டும்.

4. ஜீப் கூரை டென்ட். ஐம்பது கிலோவுக்கு மேல் கூரையில் நிரந்தரமாக உட்காரும். ஓடும்போது கூரை தாங்கும் எடை வண்டிக் கையேட்டில் தனியாக இருக்கும், நிற்கும்போது தாங்குவது வேறு. மேலே கனம் ஏறிய வண்டியை போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் திருப்புபவர் அதை உணர்வார்.

5. மடித்து எடுத்துப்போகும் வீடுகள். ஐகியா அறக்கட்டளையும் ஐ.நா. அகதிகள் அமைப்பும் ஆதரித்த 'பெட்டர் ஷெல்ட்டர்' 17.5 சதுர மீட்டர் பலகை வீடு. லண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகத்தின் 2016ஆம் ஆண்டுக்கான விருதை வென்றது. அதற்கு முந்தைய ஆண்டே ஜூரிச் நகரம் தீப் பாதுகாப்புச் சோதனையைக் காரணம் காட்டி அதை வேண்டாம் என்றது. அகதி முகாமுக்குப் பொருந்துவதை அப்படியே ரிசார்ட்டுக்குக் கொண்டுவரலாம் என்று நினைப்பவர்கள் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். பொறியாளர் சோனம் வாங்சுக் 2021இல் லடாக்கில் ராணுவத்துக்காகச் செய்த சூரியச் சூட்டுக் கூடாரமும் பேசப்படுகிறது. அருமையான வேலை, ஆனால் அந்தக் குளிருக்கானது. மூணாறு சுற்றுப்புறத் தோட்டங்களில் ஜனவரியில் உறைபனி விழுவது உண்மைதான். அதற்கு நல்ல ஸ்லீப்பிங் பேகும் தடித்த பாயும் போதும்.

புதுமைப் பட்டியலில் வராத ஒன்றும் இருக்கிறது: தார்ப்பாய். படுதா என்று நம் பக்கம் சொல்லும் அதே பொருள். ஆட்டு மந்தையோடு ஊர் ஊராகப் போகும் கீதாரிகளும், கூடலூர், குமுளி வழியாகச் சபரிமலைக்கு நடக்கும் கூட்டமும் இதை நம்பித்தான் படுக்கிறார்கள். மூன்றுக்கு நான்கு மீட்டர் மெல்லிய தார்ப்பாய் ஒன்றை டென்டுக்கு மேல் சாய்வாகக் கட்டினால், சமைக்க, உடை மாற்ற, நனைந்த செருப்பை வைக்க இடம் கிடைக்கும். டென்ட் வாங்கும் காசில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குங்கள்.

எந்தப் பருவத்தில் எது

- ஜூன்–செப்டம்பர்: முகட்டுக்கு மேற்கே இடுக்கிப் பக்கம் கொட்டும் மழை, கிழக்கே போடி, கம்பம் பக்கம் காற்றும் சாரலும். முகடுகளைத் தவிர்ப்பதே நல்லது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மண் சரிந்து தோட்டத் தொழிலாளர் லயங்கள் (வரிசை வீடுகள்) புதைந்து 70 உயிர் போனது. செங்குத்துச் சரிவின் கீழும் ஓடைவாயிலும் எந்தக் கூடாரமும் காப்பாற்றாது.
- அக்டோபர்–டிசம்பர்: மதியத்துக்கு மேல் இடி. மூன்று மணிக்குள் டென்டை அடித்துவிட வேண்டும். தனியாக நிற்கும் மரத்தடியும் மொட்டை முகடும் வேண்டாம்.
- ஜனவரி–பிப்ரவரி: குளிர், வறட்சி, தெளிந்த வானம். காணொளி டென்ட்கள் எல்லாம் ஜெயிக்கும் மாதங்கள்.
- மார்ச்–மே: காட்டுத்தீக் காலம். வனப்பாதைகள் மூடப்படலாம்.

யானை, தீ, அனுமதி

2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிப் பக்கம் இறங்கியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பிறகே தமிழகத்தில் மலையேற்றத்துக்கு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் 40 பாதைகளுடன் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் முன்பதிவும் வழிகாட்டியும் கட்டாயம். கேரளத்தில் மீசப்புலிமலை அடிவாரத்தில் அம்மாநில வன வளர்ச்சிக் கழகமே டென்ட் போட்டுத் தருகிறது. கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும் ஜீப் பாதை கேரளத்தின் சூரியநெல்லி வழியாக இருப்பதால், எந்த அரசின் அனுமதி என்பதில் பலருக்கும் குழப்பம். ஏறும் பாதை எந்த மாநிலம், படுக்கும் இடம் எந்த மாநிலம் என்று இரண்டையும் தனித்தனியாக விசாரிப்பதே வழி.

நைலானும் பாலியெஸ்டரும் எரிவதற்கு முன் உருகும், உருகித் தோலில் ஒட்டும். டென்டுக்குள் அடுப்பு கூடாது என்பதற்கு இது ஒரு காரணம். கரி அடுப்பின் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் கொல்லும் என்பது இன்னொன்று.

யானைக்கு டென்ட் ஒரு தடையே அல்ல. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் ரிசார்ட் டென்டில் தங்கியிருந்த ஒரு பெண் யானை தாக்கி இறந்தார். சின்னக்கானலில் அரிசிக்காகக் கடைகளை உடைத்த அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரலில் பெரியாறு புலிகள் காப்பகத்துக்கு மாற்றினார்கள். ஒரே மாதத்தில் அது கம்பம் நகருக்குள் வந்து நின்றது. ஆகவே அரிசி, பழம், உப்பு எதுவும் படுக்கும் டென்டுக்குள் இருக்கக்கூடாது.

வாடகை டென்டில் தங்குபவருக்கு இன்னொரு எச்சரிக்கை. 2025 மே மாதம் அதே மேப்பாடிப் பக்கம் '900 கண்டி' என்ற இடத்தில், டென்ட் என்ற பெயரில் கட்டியிருந்த கொட்டகை சரிந்து இளம்பெண் ஒருவர் இறந்தார். துணி டென்ட் சரிந்தால் மூச்சு முட்டும், எழுந்து வந்துவிடலாம். மரத்தூணும் கனத்த கூரையும் அப்படியல்ல. உள்ளே நுழையும் முன் தூணின் அடியை, மண்ணைத் தொடும் இடத்தில், காலால் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். மக்கிய மரம் மந்தமாகச் சத்தமிடும்.

வாங்குவதும் வைத்திருப்பதும்

தோளில் சுமந்து ஏறுபவர் என்றால்: இரட்டைத் துணி, பாலியெஸ்டர், அலுமினியக் கம்பி, மேற்போர்வை தரை வரை இறங்கும் மூவர் டோம், அதோடு ஒரு தார்ப்பாய். வண்டியோடு போகும் குடும்பம் என்றால் வீசி விரிக்கும் வகை. வருடத்துக்கு ஒரு முறை மட்டும் போகிறவர் வாங்கவே வேண்டாம், வாடகை போதும்.

தரைக்கு அடியில் விரிக்கும் தாளை டென்டின் ஓரத்துக்கு உள்ளே நாலு விரல் தள்ளி மடித்துவிடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேற்போர்வையில் வழியும் தண்ணீரை அதுவே வாங்கி உங்கள் முதுகுக்குக் கீழே கொண்டுவந்து சேர்க்கும்.

டென்ட்கள் மலையில் சாவதைவிட வீட்டுப் பரணில் சாவதுதான் அதிகம். மழை தடுக்கும் பாலியூரித்தேன் பூச்சு, ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் வேதியியலாகச் சிதையும். மலையில் நனைந்ததை அப்படியே சுருட்டி போடி வெயில் வேகும் ஓட்டு வீட்டுப் பரணில் போட்டால், அடுத்த தடவை பிரிக்கும்போது துணி பிசுபிசுவென்று ஒன்றோடொன்று ஒட்டும், வாந்தி வாடை அடிக்கும். அதற்குப் பிறகு எந்தச் சோப்பும் உதவாது. ஊர் வந்த அன்றே மொட்டை மாடி நிழலில் கொடியில் போட்டு, தையல் ஓரங்கள் வரை காய்ந்தபின், கூடவே வந்த இறுக்கமான பையில் திணிக்காமல், பழைய தலையணை உறையில் தளர்வாக வையுங்கள். பழைய டென்ட் வாங்குபவரும் வாடகைக்கு எடுப்பவரும் முதலில் பார்க்க வேண்டியதும் இதுவே: மேற்போர்வையின் உட்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். ஒட்டினாலோ செதில் உதிர்ந்தாலோ, என்ன விலை சொன்னாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.